எல்லோரும் சிரிக்கிறார்கள்

ஜூன் 4

மதிப்பிற்குரிய ஐயா,

படக் கம்பெனிக்குத் தாங்கள் எழுதிய கடிதம் அவர்கள் மேசையில் சில நாள் கிடந்துவிட்டு, நேற்று என் கைக்கு வந்தது. உறையின் மேல் ‘இது உங்க வேலை சார்’ என்று பென்சிலால் எழுதியிருந்தார்கள். என் வேலைதான். எனவே பதிலும் நான்தான் எழுத வேண்டும். குழப்பம் வராமல் இருக்க, சொல்லப்போவதை முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன்:

1. நான் யார்.
2. சாப்பாட்டு மேசைக் காட்சியில் பேசப்பட்டதை ஏன் திரையில் எழுதவில்லை.
3. எழுதிய அளவில் அது சரியே என்பது.
4. தங்கள் மகள் ஏன் அழுதார் என்பது பற்றி என் ஊகம்.
5. என் வருத்தம்.

முதலாவது. நான் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது வீட்டில் உட்கார்ந்து, காது கேளாதவர்களுக்காகப் படங்களின் அடியில் ஓடும் எழுத்தைத் தயாரித்துக் கொடுக்கிறேன். வசனத்தோடு, கதவு தட்டும் ஓசை, மழை, இருமல் எல்லாவற்றையும் அடைப்புக்குறிக்குள் எழுதுவது வழக்கம். படத்தின் பெயர்ப்பட்டியலில் என் பெயர் வராது. வரவேண்டும் என்று நான் கேட்டதும் இல்லை.

இரண்டாவது. தாங்கள் பார்த்த படம், காது கேளாத ஒரு முதியவர் மகள் வீட்டின் பின்னறையில் தனியாக வாழ்வதைச் சொல்கிறது. அந்த மேசைக் காட்சியில் கேமரா அவருடைய தோளுக்குப் பின்னால் நிற்கிறது. குடும்பம் பேசுகிறது, அவருக்குக் கேட்கவில்லை. நான் வெகுநேரம் யோசித்தேன். காட்சி அவருடையது, அவர் அறியாததைப் பார்ப்பவர் மட்டும் அறிவது முறையல்ல என்று முடிவு செய்தேன். ஆகவே ‘[எல்லோரும் பேசுகிறார்கள்]’ என்று மட்டும் எழுதினேன். இது சோம்பல் அல்ல, ஐயா. இதில் ஒரு நியாயம் இருப்பதாக நினைத்தேன். இப்போதும் ஓரளவு நினைக்கிறேன்.

மூன்றாவது. அதற்கு அடுத்து ‘[எல்லோரும் சிரிக்கிறார்கள்]’ என்று வரும். ஒலியில் சிரிப்பு இருக்கிறது; எழுத்தில் சிரிப்பு இருக்கிறது. கேட்டதை எழுதுவதில் நான் கவனமானவன் என்பதை மட்டும் கூச்சமில்லாமல் சொல்லிக்கொள்வேன்.

நான்காவது. தங்கள் மகள் அந்த இடத்தில் அழுததாகவும், கேட்டதற்கு ஒன்றுமில்லை என்று சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் படத்தின் பின்னணி இசை அழவைப்பதற்காகவே செய்தது. இசைக்காக அழுதிருப்பார். தங்களுக்கும் அதற்கும் தொடர்பு இருக்காது.

ஐந்தாவது. தங்களுக்கு மனத்தாங்கல் ஏற்பட்டதற்காக வருந்துகிறேன்.

இப்படிக்கு,
எழுத்துப் பணியாளர்

*

ஜூன் 9

எழுத்துக்காரரே,

அஞ்சு பாயிண்ட் போட்டு எழுதியிருக்கிறீர்கள். பரீட்சைப் பேப்பர் மாதிரி இருக்கிறது. நான் கேட்டது ஒரே கேள்வி. அந்த மேசையில் என்ன பேசினார்கள்? அதற்குப் பதில் அஞ்சில் எதிலும் இல்லை.

நான் யார் என்று நானும் சொல்கிறேன். தகடு வெட்டும் பிரஸ் மெஷினில் வேலை பார்த்தவன். நாள் முழுக்க மண்டைக்குள் சம்மட்டி அடிக்கிற வேலை. காது ஒரே நாளில் போகவில்லை. முதலில் மழைச் சத்தம் போனது, அப்புறம் குழந்தைகள் குரல், அப்புறம் என் பெண்டாட்டி குரல். அவள் போய்ச் சேர்ந்தபோது கடைசியாக என்ன சொன்னாள் என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஒர்க்‌ஷாப்பில் எனக்கு ‘ஊமைப்படம்’ என்று பட்டப்பெயர். நான் நன்றாகவே பேசுவேன். எதிரில் இருப்பவன்தான் எனக்கு ஊமை.

எனக்கு ஒரே மகள். பக்கத்திலேயே புருஷன், மாமனார், மாமியாரோடு இருக்கிறாள். வாரக்கடைசியில் அங்கே சாப்பாடு. ‘உங்களை மாதிரி ஒருத்தர் கதைப்பா, எழுத்தோட போடறாங்க’ என்று என்னோடு பேச வைத்திருக்கும் சிலேட்டுப் பலகையில் எழுதிக் காட்டி, அவள்தான் படத்துக்குக் கூட்டிப்போனாள். போஸ்டரில் கைக்குட்டை கொண்டுவரச் சொல்லிப் போட்டிருந்தார்கள். நான் கொண்டுபோனேன். எனக்கு அது தேவைப்படவில்லை.

அந்த இடம் வந்தது. எல்லோரும் பேசுகிறார்கள் என்று போட்டீர்கள். சரி, பேசட்டும். எல்லோரும் சிரிக்கிறார்கள் என்று போட்டீர்கள். நானும் சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் ஊரோடு சேர்ந்து ஒரு விஷயத்துக்குச் சிரிக்கிறோம் என்று இருந்தது. திரும்பிப் பார்த்தால் என் மகள் முகம் நனைந்து கிடக்கிறது. மொத்தக் கொட்டகையும் சிரிக்கிற இடத்தில் இவள் மட்டும் எதற்கு அழுகிறாள்? நீங்கள் சொல்லுங்கள். இசையாம். சிரிக்கிற காட்சிக்கு ஒப்பாரி இசை போடுகிற பைத்தியக்காரன் யார்?

வெளியே வந்து கேட்டேன். ஒண்ணுமில்லப்பா என்றாள். பஸ்ஸில் கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முகத்தைத் திருப்பினால் எனக்குப் பேச்சு முடிந்தது என்று அவளுக்குத் தெரியும். அதற்கப்புறம் அவள் வீட்டுச் சாப்பாடும் இல்லை, அவள் வருவதும் இல்லை. மருமகன் வந்து, அவளுக்கு உடம்பு சரியில்லை என்று கையைக் காட்டிவிட்டுப் போகிறார். நடந்தது எல்லாம் அந்த மேசையில் நடந்தது. அதை நீங்கள் கையில் வைத்துக்கொண்டு, முறை, நியாயம் என்கிறீர்கள்.

படத்தில் இருப்பவனுக்குக் கேட்காது, அதனால் எனக்கும் தெரியக்கூடாதா? பக்கத்து சீட்டுக்காரனுக்கு மட்டும் தெரியலாமா? அவனும் என்னை மாதிரி டிக்கெட் எடுத்துத்தானே உட்கார்ந்திருந்தான்? கிழவன் கண்தெரியாதவன் என்று ஒரு படம் வந்தால், விளக்கை அணைத்துவிட்டுப் படம் காட்டுவீர்களா?

பேசினதை எழுதி அனுப்புங்கள்.

ஊமைப்படம்

*

ஜூன் 15

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மூன்றாம் முறை படிக்கத் துணிவு வரவில்லை.

முதலில், நான் செய்த முயற்சியைச் சொல்கிறேன். கம்பெனிக்கு நேரில் போனேன். அங்கே பொறுப்பில் இருப்பவர் என் மகன் வயதுக்காரர், மரியாதையானவர்தான். அந்தக் காட்சியின் எழுத்தை மாற்றித் தருகிறேன், கூலி வேண்டாம் என்றேன். அவர் சிரித்தார். ‘சார், காது கேக்காதவங்க எத்தனை பேர் வந்துடப் போறாங்க? ஒருத்தர் லெட்டர் போட்டாருன்னு படத்தை மாத்த ஆரம்பிச்சா நாம கடையை மூடிட்டுப் போக வேண்டியதுதான்’ என்றார். நான் ஏதாவது பதில் சொல்லியிருக்க வேண்டும். சரி தம்பி என்று சொல்லிவிட்டு வந்தேன். படி இறங்கும்போதுதான் சொல்லவேண்டியவை நினைவுக்கு வந்தன. எனக்கு எப்போதும் படியில்தான் வரும்.

அடுத்து, தாங்கள் கேட்டது. அந்த வார்த்தைகள் கடுமையானவை, ஐயா. தனியாக இருக்கும் ஒருவர் தபாலைப் பிரித்துப் படிக்கத் தக்கவை அல்ல. நடிகர்கள் பேசியவைதான் என்றாலும், தாளில் எழுதி ஒருவர் பெயருக்கு அனுப்பினால் அவருக்கே சொன்னது போல ஆகிவிடுகிறது. அன்று அவற்றை எழுதாமல் விட்டதில் கொஞ்சம் இந்த இரக்கமும் இருந்திருக்கலாம். உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நம் செயல்களுக்கான காரணங்களை நாம் பிறகுதான் கண்டுபிடித்துக்கொள்கிறோமோ என்று இந்த வயதில் சந்தேகம் வருகிறது.

தங்கள் மகளிடமே நேரில் போய், அமைதியாகக் கேட்டால் என்ன? அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவில் முகம் தெரியாத நான் வருவது அழகல்ல. சற்றுப் பொறுமையாக இருக்கும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
எழுத்துப் பணியாளர்

*

ஜூன் 18

எழுத்துக்காரரே,

இரக்கம். கடைசியில் அதைச் சொல்லிவிட்டீர்கள். முதல் கடிதத்திலேயே சொல்லியிருந்தால் உங்களுக்குத் தபால் செலவு மிச்சம்.

இந்த இரக்கத்தோடு நான் குடும்பம் நடத்திக்கொண்டிருக்கிறேன். நாலு பேர் பேசிக்கொண்டிருப்பார்கள். என்ன விஷயம் என்று கேட்பேன். கையை ஆட்டி ஒண்ணுமில்லை என்பார்கள். இல்லையென்றால் அப்புறம் சொல்றேன் என்பார்கள். அந்த அப்புறம் இதுவரை வந்ததில்லை. கால்மணி நேரம் வாய் ஓயாமல் பேசிவிட்டு, பலகையில் ‘கல்யாண விஷயம்’ என்று ரெண்டே வார்த்தை எழுதிக் காட்டுவார்கள். மிச்சத்தை அவர்களே வைத்துக்கொள்வார்கள். எனக்கு எது தேவை, எது தேவையில்லை என்று ஊரே முடிவு பண்ணும். இப்போது நீங்களும் அந்த வரிசையில் வந்து நிற்கிறீர்கள். முகம்கூடத் தெரியாது, அதற்குள் எனக்கு அப்புறம் சொல்றேன் என்கிறீர்கள்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் காது கேளாதவர்களுக்குத்தானே எழுதுகிறீர்கள், அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று ஒரு நாளாவது பார்த்ததுண்டா? நான் மேசையில் உட்கார்ந்தால் சாப்பாட்டைப் பார்க்க மாட்டேன். முகங்களைப் பார்ப்பேன். ஒருவர் பல்லைக் காட்டினால் நானும் காட்டுவேன். எல்லோரும் சிரித்தால் ஒரு நொடி தள்ளி நானும் சிரிப்பேன். சிரிக்காமல் உட்கார்ந்திருந்தால் ‘பாவம் அவருக்குப் புரியலை’ என்று ஒரு பார்வை வரும். அதைவிட, புரியாமல் சிரிப்பது மேல். தாமதமாகச் சிரித்தால் பிடிபட்டுவிடுவோம் என்று கணக்குப் பண்ணியே சாப்பாடு ஆறிவிடும். ஆனால் எழுத்து வந்தால் எனக்கு இந்தப் பாடு இல்லை. எழுத்து சொன்னால் சொன்னதுதான். மனுஷர்களை நம்புவதைவிட எழுத்தை நம்புகிறேன். அதைத்தான் நீங்கள் பாழ் பண்ணியிருக்கிறீர்கள்.

உங்கள் யோசனைப்படி மகள் வீட்டுக்குப் போனேன். அமைதியாகத்தான் ஆரம்பித்தேன். ‘என்னம்மா நடந்துச்சு, சொல்லு’ என்றேன். பலகையை எடுத்து, ஒண்ணுமில்லப்பா, சாப்பிட்டீங்களா என்று எழுதினாள். திரும்பக் கேட்டேன். அதையே சுட்டிக் காட்டினாள். பலகையைப் பிடுங்கிச் சுவரில் அடித்தேன். ரெண்டாகப் போய்விட்டது. ‘உங்க அம்மா இருந்திருந்தா எனக்கு எல்லாத்தையும் சொல்லியிருப்பா. நீ என்னை மாட்டுக்குத் தண்ணி காட்டற மாதிரி பாத்துக்கற’ என்றேன். எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று எனக்குத் தெரியாது. மாமியார் அடுப்படியிலிருந்து ஓடிவந்ததை வைத்து ஊகித்துக்கொண்டேன். மகள் உடைந்த துண்டுகளைப் பொறுக்கினாளே தவிர, வாயைத் திறக்கவில்லை.

இதற்கும் ஒரு பாயிண்ட் போட்டுப் பொறுமையாக இருக்கச் சொல்லி எழுதுவீர்கள். நீங்கள் கோழை. உங்கள் இரக்கம் எனக்கு வேண்டாம், உங்களிடம் இருப்பதை அனுப்புங்கள்.

ஊமைப்படம்

*

ஜூன் 25

ஐயா,

என்னைக் கோழை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வாசித்த அன்று சாப்பிடவில்லை. என் மனைவி என்னவென்று கேட்டாள். தங்கள் கடிதத்தைக் கொடுத்தேன். முழுவதும் படித்துவிட்டு மடித்து வைத்தாள். ‘நீங்க கோர்ட்ல இருந்தப்பவே இப்படித்தான். எல்லாத்தையும் எழுதுவீங்க, எதையும் கேக்க மாட்டீங்க’ என்றாள். இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். இப்போதுதான் சந்தர்ப்பம் வந்தது என்றாள்.

நீதிமன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. கூண்டில் நிற்பவர் பேசுவது பதிவாகும். பின்பெஞ்சில் யாராவது முணுமுணுத்தால் பதிவாகாது. அந்தப் பழக்கத்தைத்தான் படத்துக்கும் கொண்டுவந்திருக்கிறேன். பின்னால் பேசப்படுவது வழக்கைச் சேர்ந்தது அல்ல என்று என் கை தானாகவே முடிவெடுத்திருக்கிறது. நியாயம், இரக்கம் எல்லாம் பிறகு நான் தைத்துப் போட்ட சட்டை. முதல் கடிதத்தின் இரண்டாவது பகுதியைத் திரும்பப் பெறுகிறேன்.

தாங்கள் கேட்டது கீழே இருக்கிறது. ஒரு சொல்லும் விடவில்லை, மென்மையாக்கவும் இல்லை. மேசையில் நால்வர்: முதியவர், அவர் மகள், மருமகன், மருமகனின் தம்பி.

தம்பி: இவரு எவ்வளவு நாளைக்கு இங்க இருப்பாரு?

மருமகன்: எவ்வளவு நாளைக்குன்னா? இருக்கற வரைக்கும்.

தம்பி: அந்தப் பின்னாடி ரூம் இருந்தா நான் வந்து தங்கிக்குவேன். மூட்டை முடிச்செல்லாம் கட்டி வெச்சுட்டேன் அண்ணே. இவரு கட்டணும், அவ்வளவுதான்.

மகள்: மெதுவா பேசு.

தம்பி: எதுக்கு அண்ணி மெதுவா? அவருக்குத்தான் கேக்காதே. இப்பப் பாருங்க. (முதியவரைப் பார்த்து, பல்லைக் காட்டிக்கொண்டு, மிகவும் மரியாதையாக) என்ன மாமா, எப்பப் போய்ச் சேரலாம்னு இருக்கீங்க? சீக்கிரமா? சந்தோஷம் மாமா.

[எல்லோரும் சிரிக்கிறார்கள்]

இதுதான். இந்தக் காட்சியைத் தலையில் ஒலிக்கருவி மாட்டிக்கொண்டு நான் எத்தனையோ முறை ஓட்டியிருக்கிறேன். ஒரு முறைகூட எனக்குக் கண் கலங்கவில்லை. எழுத்து எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்று மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது தங்களுக்காகக் கையால் எழுதும்போது ‘சந்தோஷம் மாமா’ என்ற இடத்தில் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போனேன்.

நான்காவது பகுதியையும் மாற்றிக்கொள்கிறேன். இசைக்காக அல்ல, இந்த வார்த்தைகளுக்காகத்தான் தங்கள் மகள் அழுதிருக்கிறார். இப்படிப்பட்ட பேச்சு அவருடைய வீட்டு மேசையிலும் நடந்திருக்கும். அதைத் தங்களிடம் சொல்ல முடியாமல் தவிக்கிறார். இதில் எனக்கு ஏறக்குறைய ஐயமில்லை.

கடைசியாக, நானும் ஒன்று கோபமாகச் சொல்லப்போகிறேன். பழக்கமில்லாததால் சரியாக வராது. தங்களோடு பேச அந்தப் பெண்ணுக்கு இருந்த ஒரே பலகையைச் சுவரில் அடித்து உடைத்துவிட்டு, அவள் பேசவில்லை என்று எனக்குப் புகார் எழுதுகிறீர்கள். காது போனது தங்கள் தவறல்ல. பலகை உடைந்தது தங்கள் தவறு. யாரும் முழுதாகச் சொல்வதில்லை என்கிறீர்கள். முழுதாகச் சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும், எதிரில் தாங்கள் இப்படி உட்கார்ந்திருந்தால்? எனக்கே, இத்தனை தொலைவில் இருந்துகொண்டு, இதை எழுத இத்தனை நாள் ஆனது.

எழுதியதை அடிக்கவில்லை. அப்படியே அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
எழுத்துப் பணியாளர்

*

ஜூலை 1

எழுத்துக்காரரே,

உங்களுக்குக் கோபம் வரும் என்று தெரிந்ததில் கொஞ்சம் மரியாதை வந்தது. அதைத் தவிர இந்தக் கடிதத்தில் உங்களுக்கு நல்ல செய்தி எதுவும் இல்லை.

நீங்கள் எழுதி அனுப்பியதைப் படித்தேன். நீங்கள் பயந்தபடி எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இதைவிட மோசமாகப் பேசியதை உதட்டிலேயே படித்திருக்கிறேன். கடையில் புதுப் பலகை ஒன்று வாங்கிக்கொண்டு, தாளையும் எடுத்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் போனேன். பலகை வாங்கச் சொல்லி நீங்கள் எழுதவில்லை, நானாகத்தான் வாங்கினேன்.

வாசலிலேயே தாளை நீட்டி, ‘உங்க வீட்லயும் இப்படித்தான் பேசறாங்களா, அதுக்குத்தான் அழுதியா?’ என்றேன். நின்றபடியே படித்தாள். பலகையை வாங்கிக்கொள்ளவில்லை. என் ரெண்டு தோளையும் பிடித்து, முகத்தை நேராக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாகப் பேசினாள். அவள் அப்படிப் பேசிப் பல வருஷம் ஆகிறது.

அவள் வீட்டில் அப்படி யாரும் பேசுவதில்லையாம். மாமனார் ஒரு தடவை என் சத்தத்தைப் பற்றி ஏதோ சொன்னதற்கு அவரோடு மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். ஆக, ஏறக்குறைய ஐயமில்லை என்று எழுதினீர்களே, அது தப்பு. அந்த வார்த்தைக்காகவும் அவள் அழவில்லை.

‘அந்த ஆளு அப்படிச் சொன்னதும் தியேட்டர்ல ஒரு சத்தம் இல்லப்பா. படத்துலயும் மத்த யாரும் சிரிக்கல. அப்ப நீங்க சிரிச்சீங்க. நீங்க மட்டும். முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பாத்துச்சு. நான் உங்க கையைப் பிடிச்சிருந்தேன்ல, எடுத்துட்டேன். தள்ளி உக்காந்தேன். யாரோட அப்பாவோங்கற மாதிரி. அதுக்குத்தான் அழுதேன். இதைப் பலகையில எப்படிப்பா எழுதிக் காட்டறது?’

உதட்டில் எனக்குப் பாதிதான் பிடிபடும். இதில் ஒன்றும் விட்டுப்போகவில்லை. இரண்டாம் முறையும் சொன்னாள்.

நான் என்ன செய்திருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? உங்கள் தாளைக் காட்டினேன். ‘இங்க பாரு, எல்லோரும் சிரிக்கிறார்கள்னு போட்டிருக்கு. தியேட்டர்ல போட்டதும் இதேதான். கோர்ட்டுல எழுதின மனுஷன், ஒரு சொல் விடாம எழுதறவரு. எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். அமைதியா இருந்துச்சுன்னு ஏன் கதை கட்டறே?’ என்றேன். அவள் தலையை ஆட்டினாள். யாரும் சிரிக்கலப்பா என்றாள். எழுத்தில் இருக்கிறது என்றேன். யாரும் சிரிக்கல என்றாள். பொய் சொல்றே என்றேன். என் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்க்கிறேன். அவள் சொல்வது நிஜமென்றால், அவ்வளவு பெரிய கொட்டகையில் நான் ஒருத்தன் மட்டும் வாயைத் திறந்து சிரித்திருக்கிறேன். அந்தக் கிழவனைச் சாகச் சொன்னதற்குச் சிரித்திருக்கிறேன். பெற்ற மகள் கையை உருவிக்கொள்கிற மாதிரி சிரித்திருக்கிறேன். இதை நான் நம்ப வேண்டுமா? நம்பமாட்டேன். நான் தொல்லை பண்ணுகிறேன் என்று ஏதோ ஒன்றைச் சொல்லி என் வாயை அடைக்கப் பார்க்கிறாள்.

அதனால் கேட்கிறேன். இது ஒன்றைத்தான் உங்கள் முதல் கடிதத்திலிருந்து இன்றுவரை நீங்கள் மாற்றாமல் வைத்திருக்கிறீர்கள். எல்லோரும் சிரித்தார்கள் என்று கையெழுத்துப் போட்டு எழுதி அனுப்புங்கள். அவள் முகத்துக்கு நேரே காட்டவேண்டும். அவளா, எழுத்தா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். ரெண்டையும் வைத்துக்கொண்டு என்னால் ஒரு வாய் சாப்பிட முடியவில்லை.

ஊமைப்படம்

*

ஜூலை 5

ஐயா,

தங்கள் கடிதம் வந்த அன்றே அந்தக் காட்சியை மறுபடி எடுத்தேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: தாங்கள் கேட்டபடி எழுதி அனுப்பத்தான் உட்கார்ந்தேன். அதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு தடவை கேட்டுவிடலாம் என்பது என் பழைய புத்தி.

கேட்டேன். சிரிப்பு இருந்தது. திருப்தியாக இருந்தது.

பிறகு தங்கள் மகள் சொன்னது குறுக்கே வந்தது. திரையைப் பார்க்காமல், கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். மருமகனின் தம்பி ‘சந்தோஷம் மாமா’ என்கிறான். ஒரு கரண்டி தட்டில் வைக்கப்படுகிறது. யாரோ மூச்சை உள்ளே இழுக்கிறார்கள், பெண் குரல். அதன் பிறகு சிரிப்பு. அந்தச் சிரிப்பு சற்று உரத்தது, அடித்தொண்டையிலிருந்து வருவது, எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் கொஞ்சம் அதிகமாகவே நீள்வது. பல பேருடைய சிரிப்பு என்றுதான் நான் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒலிக்கருவியை என் மனைவிக்கு மாட்டிவிட்டு, காரணம் எதுவும் சொல்லாமல், எத்தனை பேர் சிரிக்கிறார்கள் என்று கேட்டேன். அவள் கருவியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

‘ஒருத்தர்தான். அந்தக் காது கேக்காத பெரியவரேதான்’ என்றாள்.

எப்படித் தவறினேன் என்று தங்களுக்குச் சொல்ல வேண்டும். சாக்குக்காக அல்ல, நடந்தது முழுவதும் தங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. கேமரா முதியவரின் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. அவருடைய வாய் தெரியாது. எதிரில் மருமகனின் தம்பி பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறான். அது மட்டும்தான் படத்தில் தெரியும். காதில் சிரிப்பு, கண்ணில் பற்கள். இரண்டையும் சேர்த்து எல்லோரும் என்று எழுதிவிட்டேன். முகத்தைப் பார்த்து ஊகித்துக்கொள்வதைத் தாங்கள் வேறு வழியில்லாமல் செய்கிறீர்கள். காது நன்றாக இருக்கும் நான் சோம்பலால் அதையே செய்திருக்கிறேன்.

இதைத் தங்களுக்கு எழுதாமல் விடலாமா என்று யோசித்தேன். மெய்யாகவே யோசித்தேன். எல்லோரும் சிரித்தார்கள் என்று ஒரு வரி எழுதினால் தாங்கள் ஒரு வேளையாவது நிம்மதியாகச் சாப்பிடுவீர்கள். எனக்கும் வேலை முடிந்தது. ஆனால் தங்கள் ஜூன் 18 கடிதத்தில் இருக்கும் கோபத்துக்கு அதைவிடப் பெரிய அவமரியாதை இருக்க முடியாது.

கம்பெனிக்கும் போனேன். பொறுப்பாளர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். இந்த முறை படியில் இறங்கும்வரை காத்திருக்கவில்லை. ‘தம்பி, பிழை படத்துல இல்ல, என்கிட்ட இருக்கு. திருத்தலைன்னா இதுக்கப்புறம் உங்களுக்கு ஒரு வரி எழுத மாட்டேன்’ என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது. அறையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் பின்வாங்கவில்லை. திருத்திய காட்சியை அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். செய்வாரா என்று தெரியவில்லை.

தாங்கள் என்மேல் கோபமாக இருங்கள். அது இருக்கவேண்டிய இடம் இதுதான். அந்தக் கோபத்தை மகள் வீட்டு வாசலுக்கு மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். தள்ளி உட்கார்ந்ததை அவர் ஒளித்திருக்கலாம்; தாங்கள் ஒருபோதும் கண்டுபிடித்திருக்க மாட்டீர்கள். தங்களுக்கு யாருமே சொல்லாத வகை உண்மையை, தனக்கே கேடாக இருக்கும் ஒன்றை, இரண்டு முறை, முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார்.

அவளா, எழுத்தா என்று கேட்டீர்கள். கையெழுத்துப் போட்டுத்தான் எழுதுகிறேன். அந்த மேசையில் யாரும் சிரிக்கவில்லை, அந்த முதியவரைத் தவிர. தங்கள் மகள் சொன்னதுதான் சரி. ஜூன் 4 கடிதத்தின் மூன்றாவது பகுதி தவறு.